ஒரு பழைய மடிக்கணினியும் ஒரு காலாண்டிதழும்: எந்த இலவச மென்பொருள்கள் போதும்?

கேட்கப்பட்டிருப்பது சுருக்கமாக இது. அம்பத்தூரில் ஒரு குடியிருப்போர் நலச் சங்கம் 16 பக்கத் தமிழ்க் காலாண்டிதழ் ஒன்றைக் கொண்டுவருகிறது. இதுவரை டி.டி.பி. கடையில் கொடுத்துப் பக்கம் வடிவமைத்தார்கள்; இனித் தாங்களே செய்துகொள்ள விரும்புகிறார்கள். கையில் இருப்பது விண்டோஸ் 10 இயங்கும், 4 ஜி.பி. நினைவகம் கொண்ட பழைய மடிக்கணினி. மாதச் சந்தா கட்டும் மென்பொருள் வேண்டாம். இதழோடு சுவரொட்டி, சங்கத்தின் வரவு செலவு, மூத்த உறுப்பினர்களின் பேட்டி ஒலிப்பதிவு ஆகியவற்றுக்கும் எளிய இலவசக் கருவிகள் வேண்டும்.

இணையத்தில் கிடைக்கும் ‘சிறந்த இலவச மென்பொருள்கள்’ பட்டியல்கள் உங்களுக்கு அதிகம் உதவா. அவற்றைத் தொகுப்பவர்கள் ஆங்கிலத்தில் மட்டுமே சோதித்துப் பார்க்கிறார்கள். தமிழில் வேலை செய்பவர் எந்தக் கருவியிடமும் முதலில் கேட்க வேண்டியவை இரண்டு கேள்விகள்தாம். ‘கொ’ என்று தட்டினால் கொம்பும் காலும் அதனதன் இடத்தில் நிற்கின்றனவா? இதில் செய்து சேமித்த கோப்பு, நாளை வேறொருவர் கணினியில், இந்த நிறுவனத்தின் தயவு இல்லாமல் திறக்குமா? இவ்விரண்டிலும் தேறாத கருவி எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒதுக்கிவிடலாம். கீழே சொல்லியிருப்பவை பெரும்பாலும் இந்தச் சோதனையில் தேறியவை. தேறாதவற்றை எங்கே, எதற்காகப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதையும் சொல்லியிருக்கிறேன்.

‘இலவசம்’ என்பதிலும் வகைகள் உண்டு. லிப்ரே ஆபீஸ், இங்க்ஸ்கேப், ஜிம்ப் போன்றவை கட்டற்ற மென்பொருள்கள். அவற்றின் மூலநிரலே பொதுவில் இருப்பதால், ஒரு நிறுவனம் மனம் மாறினாலும் கருவி உங்கள் கையைவிட்டுப் போகாது. கேன்வா, கூகுள் டாக்ஸ் போன்றவை காசில்லாமல் கிடைக்கும் சேவைகள்; அவற்றின் விதிகள் நாளை மாறலாம். மூன்றாவது வகை, தெரிந்த பையன் பென் டிரைவில் கொண்டுவந்து போட்டுத்தரும் ‘கிராக்’ பிரதி. அது இலவசம் அன்று, திருட்டு. கூடவே வைரஸும் வரும். சங்கத்தின் வங்கி விவரங்கள் இருக்கும் கணினியில் அதை ஏற்றவே ஏற்றாதீர்கள்.

மென்பொருளுக்குப் போவதற்கு முன் எழுத்துருச் சிக்கலைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். சென்னையின் டி.டி.பி. கடைகள் பலவற்றில் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் நெடுங்காலம் கோலோச்சியது. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-இல். எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் பொதுக் குறியாக்கமான யூனிகோடு அதற்குத் தெரியாது. அதனால் ஒவ்வோர் எழுத்துரு நிறுவனமும் தன் போக்கில் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்தி விற்றது. உறுப்பினர்கள் வாட்ஸப்பில் அனுப்பும் கட்டுரைகள் யூனிகோடில் இருக்கும். கடைக்காரர் அவற்றைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார். மாற்றும்போது சில எழுத்துகள் இடம் மாறும். பிறகு நீங்கள் மெய்ப்புப் பார்த்துத் திருத்துவீர்கள். நீங்களே வடிவமைத்தால் இந்த மாற்றும் வேலை முற்றிலும் ஒழிந்துவிடும். செலவு மிச்சமாவதைவிட இது பெரிய ஆதாயம் என்பது என் கருத்து. பழைய இதழ்களின் கட்டுரைகளை மீட்டெடுக்க வேண்டுமானால், எந்த எழுத்துருவில் அடித்தார்கள் என்பதைக் கடையில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயர் தெரிந்தால்தான் என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற இலவச மாற்றிகளில் சரியான குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்து யூனிகோடுக்குக் கொண்டுவர முடியும்.

தட்டச்சுக்குத் தனி மென்பொருளே தேவையில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி உருவான தமிழ்99 விசைப்பலகை, விண்டோஸ் 10-இன் 2019-ஆம் ஆண்டுப் புதுப்பித்தலிலிருந்து கணினியிலேயே இருக்கிறது. அமைப்புகளில் மொழிப் பகுதிக்குச் சென்று தமிழைச் சேர்த்து, அதன் விருப்பங்களில் ‘தமிழ்99’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் வலக்கைக்கும் வருமாறு அமைந்த இந்தப் பலகையின் சிறப்பு, புள்ளியை அது தானே வைத்துக்கொள்வது. ‘அம்மா’ என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளை அழுத்தினால் போதும். ஒரே மெய் இரட்டித்து வந்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ‘ங்க’, ‘ந்த’, ‘ம்ப’ போன்ற இனவெழுத்து இணைகளுக்கும் அப்படியே. பழகச் சிறிது காலம் பிடிக்கும், ஆனால் ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் முறையைவிடக் கைக்கு வேலை குறைவு. உங்கள் குழுவில் அந்தக் காலத்தில் தமிழ்த் தட்டச்சு லோயர், ஹையர் தேறியவர் இருந்தால் அவரைப் புதிதாகப் பழகச் சொல்ல வேண்டியதில்லை. என்.எச்.எம். ரைட்டர் என்ற இலவச மென்பொருளில் பழைய தட்டச்சுப்பொறி அமைப்பும் இருக்கிறது.

கையெழுத்தில் கட்டுரை தருபவர்கள் எல்லாச் சங்கத்திலும் உண்டு. குரோம் உலாவியில் கூகுள் டாக்ஸைத் திறந்து, குரல்வழித் தட்டச்சில் தமிழைத் தேர்ந்து, கட்டுரையை நிதானமாக வாசித்தால் அது எழுத்தாகிவிடும். நிறுத்தக்குறிகளை நீங்கள்தான் இட வேண்டும். சந்திப் பிழைகளையும் பார்க்க வேண்டும். அச்சிட்ட பக்கமாக இருந்தால், அதன் படத்தைக் கூகுள் டிரைவில் ஏற்றி, ‘கூகுள் டாக்ஸில் திற’ என்று கொடுத்தால் படத்தில் உள்ள எழுத்துகள் தட்டச்சு செய்தாற்போல் வந்து நிற்கும். தெளிவான அச்சுக்கு இது நன்றாக வேலை செய்கிறது. கையெழுத்துக்கு இதை நம்ப வேண்டாம்.

இனி முதன்மைக் கருவி. உங்கள் வேலையில் பெரும்பங்கை லிப்ரே ஆபீஸ் ஒன்றே முடித்துவிடும். 2010-இல் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து வளர்ந்த இதை டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளை பேணிவருகிறது. எழுதுவதற்கு ரைட்டர், கணக்குக்குக் கால்க், படத்துக்கும் பி.டி.எஃப். திருத்தத்துக்கும் டிரா என எல்லாம் ஒரே தொகுப்பில் வரும். இதன் கோப்பு வடிவமான ஓ.டி.எஃப். 2006-இலேயே பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது என்பதால், பத்து ஆண்டு கழித்து வரும் செயலாளர்கூட இன்றைய இதழைத் திறக்க முடியும்.

ஆனால் தமிழில் இதைத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதல் நாளிலேயே ஓரிடத்தில் இடறுவார்கள். எழுத்தின் தோற்றத்தைத் தொகுத்து வைக்கும் அடிப்படைப் பாணியில் (ஸ்டைல்) எழுத்துருவையும் அளவையும் மாற்றுவார்கள். ஆங்கிலச் சொற்கள் மட்டும் மாறும், தமிழ் அப்படியே நிற்கும். காரணம் எளிது. லிப்ரே ஆபீஸ் உலக எழுத்துகளை மேலை எழுத்து, ஆசிய எழுத்து, சிக்கலான எழுத்தமைப்பு என்று மூன்றாகப் பிரிக்கிறது. தமிழ் மூன்றாவதில் அடங்கும். ஒவ்வொன்றுக்கும் எழுத்துருவும் அளவும் தனித்தனி. ஆகவே முதல் வேலையாக டூல்ஸ் பட்டியில் ஆப்ஷன்ஸ் சென்று, மொழி அமைப்புகளில் சிக்கலான எழுத்தமைப்புக்கு நேரே தமிழைத் தேர்ந்தெடுங்கள். பிறகு எஃப்11 விசையை அழுத்தினால் பாணிகளின் பட்டியல் திறக்கும். அதில் உடல்பகுதிக்கும் தலைப்புக்கும் உரிய பாணிகளைத் திறந்து, சி.டி.எல். (சிக்கலான எழுத்தமைப்பின் ஆங்கிலச் சுருக்கம்) என்று குறிப்பிட்டிருக்கும் எழுத்துரு, அளவு ஆகியவற்றை நிர்ணயித்துவிடுங்கள். அதன்பின் ஒவ்வொரு கட்டுரையையும் ஒட்டிவிட்டு, பாணியைச் சொடுக்கினால் 16 பக்கமும் ஒரே சீராக வரும். தலைப்பின் அளவை மாற்ற நினைத்தால் பாணியில் ஒருமுறை மாற்றினால் போதும், இதழ் முழுவதும் மாறிவிடும். வாட்ஸப்பிலிருந்து எடுத்து ஒட்டும்போது கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு ‘வி’யை அழுத்துங்கள், வெளியிலிருந்து வரும் வடிவங்கள் உதிர்ந்து எழுத்து மட்டும் வரும்.

எழுத்துருக்களுக்கும் காசு கொடுக்க வேண்டாம். நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், மீரா இனிமை, கேட்டமரான் ஆகியவை கட்டற்ற உரிமத்தில் கிடைக்கின்றன. அச்சிலும் தடையின்றிப் பயன்படுத்தலாம். உடல்பகுதிக்கு 10 அல்லது 11 புள்ளி போதும். ஆங்கிலத்தைவிடத் தமிழ் எழுத்துகள் மேலும் கீழும் அதிக இடம் கேட்பவை. ஆகவே வரி இடைவெளியைச் சற்றுக் கூட்டுங்கள். ‘கி’, ‘கீ’யின் கொக்கிகள் மேல்வரியின் ‘கு’, ‘ழு’ வாலோடு மோதாமல் இருந்தால் மூத்த வாசகர்கள் உங்களை வாழ்த்துவார்கள். ஓர் இதழில் இரண்டு எழுத்துருவுக்கு மேல் வேண்டாம். ஏழெட்டு வகையைக் கலந்து அடிப்பது கல்யாணப் பத்திரிகைக்கே அழகாக இருப்பதில்லை.

பிழை திருத்தத்துக்கு நீச்சல்காரன் உருவாக்கிய வாணி, நாவி என்ற இரு இணையக் கருவிகள் இருக்கின்றன. முன்னது எழுத்துப்பிழையையும் பின்னது ஒற்றுப்பிழையையும் காட்டும். அவை காட்டுவதையெல்லாம் அப்படியே ஏற்காமல், பெயர்ச்சொற்களை நீங்களே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இதழ் எப்படி அச்சாகிறது என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த முடிவு அமையும். கறுப்பு வெள்ளையில் நகலெடுத்து, ஏ4 தாளை மடித்து, நடுவில் பின் அடித்துத் தருகிறீர்கள் என்றால் ரைட்டரே போதுமானது. பக்க அளவை ஏ5 என்று வைத்து 16 பக்கங்களையும் வரிசையாகவே செய்யுங்கள். அச்சிடும் பெட்டியில் பக்க அமைப்பின் கீழ் ‘ப்ரோஷர்’ என்ற தேர்வு இருக்கிறது. அதைக் கொடுத்தால், முதல் தாளின் ஒரு புறம் 16, 1 ஆகிய பக்கங்களும் மறுபுறம் 2, 15 ஆகியவையும் வருமாறு அதுவே அடுக்கிக்கொள்ளும். மொத்தம் நான்கு தாள். இரு புறமும் அச்சிடும்போது ‘குறுகிய ஓரம் வழியே திருப்பு’ என்பதைத் தேர்ந்தெடுக்க மறந்தால் பின்பக்கம் தலைகீழாக வரும் என்பதால், முதலில் ஒரே ஒரு பிரதி எடுத்து மடித்துப் பாருங்கள். பக்க எண்ணிக்கை எப்போதும் நான்கின் மடங்காக இருக்க வேண்டும்.

நான்கு வண்ணத்தில் ஆப்செட் அச்சுக்குக் கொடுப்பதாக இருந்தால் மட்டும் ஸ்க்ரைபஸ் என்ற கட்டற்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் பக்கம் போங்கள். அச்சகம் கேட்கும் சி.எம்.ஒய்.கே. (நான்கு அச்சு மைகளுக்கான) வண்ணப் பிரிப்பு, வெட்டோரத்துக்கு வெளியே விடும் கூடுதல் மி.மீ., எழுத்துரு உள்ளடங்கிய பி.டி.எஃப். எல்லாவற்றையும் அது தரும். இதன் பழைய பதிப்புகளில் தமிழ் உடைந்துதான் வந்தது, 1.5.3 பதிப்பில்தான் நம் எழுத்துகளைக் கோக்கும் திறன் சேர்ந்தது, 2024 தொடக்கத்தில் வந்த 1.6 நிலையான பதிப்பில் அது இருக்கிறது. ஆகவே அதற்கு முந்தைய பிரதியை யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். பழகுவதற்கு ஸ்க்ரைபஸ் கொஞ்சம் முரட்டுத்தனமானதுதான். அட்டையை மட்டும் இதில் செய்து, உள்பக்கங்களை ரைட்டரில் வைத்துக்கொள்வது நல்ல நடுவழி.

சுவரொட்டிக்கும் பேனருக்கும் இங்க்ஸ்கேப். 2003 முதல் வளர்ந்துவரும் இந்த மென்பொருளில் வரைந்தது எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது. பொங்கல் விழா அறிவிப்பை ஏ4 அளவில் செய்து, அதையே எட்டடி ஃப்ளெக்ஸுக்கும் கொடுக்கலாம். ஆனால் கடைக்கு அனுப்புமுன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அங்கே உங்கள் எழுத்துரு இருக்காது. கோப்பைத் திறந்ததும் தமிழ் கட்டம் கட்டமாக நிற்கும். எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து, பாத் பட்டியில் ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ என்று கொடுத்தால் அவை வெறும் கோட்டோவியமாகிவிடும், எங்கே திறந்தாலும் மாறாது. அப்படி மாற்றியபின் எழுத்தைத் திருத்த இயலாது என்பதால், மாற்றாத மூலப்பிரதியை வேறு பெயரில் முதலில் சேமித்துவிடுங்கள்.

கேன்வாவைக் குறை சொல்ல மாட்டேன். கைப்பேசியிலேயே பத்து நிமிடத்தில் வாட்ஸப் அறிவிப்பு ஒன்றைச் செய்ய அது கைகொடுக்கும். ஆனால் அதில் செய்த வடிவமைப்பு அந்தக் கணக்குக்குள்ளேயே கிடக்கும். கணக்கு வைத்திருந்த உறுப்பினர் வீடு மாறிப்போனால் வடிவமைப்பும் அவரோடு போய்விடும். ஒரு நாள் பயனுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படங்களைத் திருத்த ஜிம்ப் இருக்கிறது; கலிபோர்னியாவின் பெர்க்லியில் இரு மாணவர்கள் 1995-இல் தொடங்கியது. வெளிச்சம் கூட்டுவது, ஓரம் வெட்டுவது போன்றவற்றுக்குக் கைப்பேசியில் ஸ்நாப்சீட் செயலியே போதும். அதைவிட முக்கியம், உறுப்பினர்களிடமிருந்து படத்தை எப்படிப் பெறுகிறீர்கள் என்பது. வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது பொது வழக்கு. அதாவது மூன்று அங்குல அகலப் படத்துக்குக் குறைந்தது 900 பிக்சல் வேண்டும்.

பி.டி.எஃப். கோப்புகளைச் சேர்க்கவும் பிரிக்கவும் இணையதளங்கள் ஏராளம். சங்கக் கூட்ட அறிவிப்புக்கு அவை பரவாயில்லை. ஆதார், பான், வீட்டுப் பத்திரம் போன்றவற்றை அவற்றில் ஏற்றக்கூடாது. அதே வேலையைக் கணினிக்குள்ளேயே செய்ய பி.டி.எஃப்.சாம் என்ற மென்பொருளின் அடிப்படைப் பதிப்பு இலவசமாக இருக்கிறது. படிவத்தை நிரப்பவும் அதன்மேல் எழுதவும் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியே போதும். ஆவணத்தைப் படமெடுக்கப் பலர் பழகியிருந்த கேம்ஸ்கேனர் 2020 ஜூனில் இந்தியாவில் தடைசெய்யப்பட்ட 59 செயலிகளில் ஒன்று. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் கூகுள் டிரைவ் செயலியின் ஸ்கேன் வசதி அந்த இடத்தை நிரப்பும்.

வரவு செலவுக்குப் பெரிய கணக்கு மென்பொருள் எதுவும் வேண்டாம். லிப்ரே ஆபீஸ் கால்க்கில் தேதி, வீட்டு எண், விவரம், வரவு, செலவு, இருப்பு என்ற ஆறு பத்திகள் போதும். உறுப்பினர்கள் பார்க்க வேண்டுமானால் அதைக் கூகுள் ஷீட்ஸில் ஏற்றி, பார்க்க மட்டும் உரிமை கொடுத்துப் பகிருங்கள். திருத்தும் உரிமை பொருளாளருக்கு மட்டும் இருக்கட்டும்.

பேட்டி ஒலிப்பதிவுக்கு ஆடாசிட்டி. 4 ஜி.பி. நினைவகத்தில் சிரமமின்றி ஓடும். சென்னை வீடுகளில் மின்விசிறியை நிறுத்திவிட்டு மூத்தவர்களை ஒரு மணி நேரம் பேசச் சொல்வது நடக்காத காரியம். ஆகவே விசிறி ஓடட்டும். பதிவைத் தொடங்கியதும் யாரும் பேசாமல் ஐந்தாறு விநாடி விடுங்கள். அந்தத் துண்டில் விசிறியின் இரைச்சல் மட்டும் இருக்கும். பிறகு அதைத் தேர்ந்தெடுத்து, எஃபெக்ட் பட்டியில் ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’ திறந்து ‘கெட் நாய்ஸ் ப்ரொஃபைல்’ அழுத்துங்கள். மென்பொருள் அந்த இரைச்சலின் தன்மையைக் கற்றுக்கொள்ளும். அடுத்து முழுப் பதிவையும் தேர்ந்து, அதே பெட்டியைத் திறந்து ஓகே கொடுத்தால் இரைச்சல் தணியும். அளவை அதிகமாக வைத்தால் பேசுபவர் குரல் தகரத்துக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். குறைவாக வைத்துக் கேட்டுப் பாருங்கள். விட்டுவிட்டு வரும் ஆட்டோ ஹாரனையும் குக்கர் விசிலையும் இந்த வழி நீக்காது, ஏனெனில் அவை சீரான ஒலிகள் அல்ல. மூலப்பதிவை வேவ் வடிவில் வைத்துக்கொண்டு, பகிர்வதற்கு மட்டும் எம்.பி.3 எடுங்கள்.

காணொளித் தொகுப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஷாட்கட், கேடென்லைவ் இரண்டும் நல்ல இலவசக் கருவிகள். ஆனால் இந்த மடிக்கணினி தாங்காது.

எதைப் பதிவிறக்கினாலும் அந்தந்த மென்பொருளின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். தேடலில் முதலில் வருவது பல சமயம் விளம்பரம்தான். செய்து முடித்த இதழ்களை ஒரு பென் டிரைவிலும் ஒரு கூகுள் கணக்கிலும் வையுங்கள்; ஜிமெயில், டிரைவ், படங்கள் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜி.பி. இடம் காசில்லாமல் கிடைக்கும், உங்கள் இதழுக்கு அது தாராளம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தரைத்தளத்து வீடுகளில் நீர் புகுந்ததை அம்பத்தூர்க்காரர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. பென் டிரைவ் மடிக்கணினிப் பையிலேயே இருந்தால் அது காப்புப் பிரதி ஆகாது, மாடிவீட்டு உறுப்பினரிடம் கொடுங்கள்.

கடைசியாக, உங்கள் விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பித்தல்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் முடித்துக்கொண்டது. பழைய மடிக்கணினிகள் பலவும் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறுவதில்லை. புதிதாக வாங்குமுன், விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.ஈ. என்ற இலகுவான பதிப்பைப் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வன்தட்டில் உள்ள எதையும் தொடாமல் சோதிக்கலாம். மேலே சொன்ன லிப்ரே ஆபீஸ், ஸ்க்ரைபஸ், இங்க்ஸ்கேப், ஜிம்ப், ஆடாசிட்டி ஐந்தும் அதில் அப்படியே இயங்கும். ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாகத் தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கும். நிறுவும்போது எங்காவது மாட்டிக்கொண்டால், 1998 முதல் இயங்கிவரும் சென்னை லினக்ஸ் பயனர் குழுவில் கேளுங்கள். தமிழிலேயே விளக்கம் வேண்டுமென்றால் கணியம் தளத்தில் கட்டுரைகள் நிறைய இருக்கின்றன. அடுத்த இதழ் அச்சுக்குப் போகும் வாரத்தில் மட்டும் இந்த மாற்றத்தைத் தொடங்க வேண்டாம்.